39 வயதில் டெட்லிஃப்ட் கற்றுக்கொண்டேன்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை டப்பாவை எடுக்க அம்மா குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அவருக்கு அப்போது 66 வயது. வலியும் மயக்கமும் இல்லை, எங்கும் அடிபடவும் இல்லை. தொடையில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். நான் வேலை முடிந்து வரும்வரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துதான் தூக்கிவிட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 39 வயதில் 61 கிலோ எடையோடு இருக்கிறேன், எட்டு மாதமாக ஜிம்முக்கு வேறு போகிறேன். சொந்த அம்மாவைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை என்றால், அந்த எட்டு மாதமும் எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்பதைச் சொல்கிறேன், பலரும் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேன் என்பதால். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே, தொடையும் பின்பக்கமும் இறுக வேண்டும் என்று சொன்னேன். அங்கிருந்த பயிற்சியாளர் இரண்டு கிலோ டம்பெல்லைக் கொடுத்தார். காலைப் பின்னால் உதைப்பது 50 முறை, பக்கவாட்டில் தூக்குவது 50 முறை, அதன்பின் அரை மணி நேரம் டிரெட்மில். "பொண்ணுங்களுக்கு வெயிட் வேண்டாங்க, உடம்பு பெருத்துடும். உங்களுக்கு டோனிங் போதும்." எட்டு மாதமும் அதே இரண்டு கிலோதான். எரிச்சல் வரும், வியர்வை வரும், மறுநாள் வலிக்கும். வலித்தால் வேலை நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

டோனிங் என்று உடலுக்குள் தனியாக ஒன்றும் நடப்பதில்லை. தசை கொஞ்சம் வளர வேண்டும், அதன்மேல் படிந்த கொழுப்பு கொஞ்சம் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் 'இறுகியிருக்கிறது' என்கிறோம். தொடைக்குப் பயிற்சி செய்தால் தொடைக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம், கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது. தசை வளர வேண்டுமானால் அதற்குப் போதிய பளு வேண்டும், அந்தப் பளு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டும் போக வேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டெலோர்ம் என்ற மருத்துவர், எடையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். எண்பது வருடமாகத் தெரிந்த விஷயம்தான். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆண்களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான். வாரம் இரண்டு நாள் பளு தூக்குகிற யாரும், தனக்கே தெரியாமல் ஒருநாள் காலையில் புஜம் புடைத்து எழுந்திருக்கப் போவதில்லை. மேடையில் பார்க்கும் அந்த உடற்கட்டுக்குப் பின்னால் பல வருட முழுநேர உழைப்பு இருக்கிறது. மூன்று வருடத்தில் என் தொடைச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. எடை 61-லிருந்து 62.5 ஆகியிருக்கிறது. எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்பியிருந்தால், தோற்றுவிட்டேன் என்று முதல் ஆறு மாதத்திலேயே நிறுத்தியிருப்பேன்.

அம்மா விஷயம் நடந்த அடுத்த மாதம் வேறு ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கே கோச் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், பளுதூக்கும் போட்டிகளில் பங்கெடுத்தவள். என்ன வேண்டும் என்று கேட்டாள். "எங்கம்மாவைத் தரையிலேர்ந்து தூக்கணும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும்தான் அக்கா. ஆனா முதல் ரெண்டு வாரம் பாரைத் தொட விடமாட்டேன்" என்றாள். தரையில் கிடக்கும் பளுவைப் பிடித்துக்கொண்டு நிமிர்வது டெட்லிஃப்ட், பளுவோடு குந்தி எழுவது ஸ்குவாட், பளுவை மாட்டும் நீண்ட இரும்புக் கம்பிதான் பார்.

அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றதை முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்து முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கட்டை மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு. "இப்ப குனிங்க. மூணும் விடக்கூடாது." குனிந்தேன், வால் எலும்பிலிருந்து கட்டை விலகிவிட்டது. மறுபடி முயன்றபோது பின்தலை விலகியது. மூன்றாவது முறை கட்டை மூன்று இடத்திலும் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முழங்காலை மடக்கி உட்கார ஆரம்பித்துவிட்டேன், அது ஸ்குவாட் ஆகிவிட்டது. அவள் என்னைச் சுவருக்கு முதுகு காட்டி ஓரடி தள்ளி நிறுத்தினாள். "கையில ரெண்டு பை இருக்கு, கதவைப் பின்னாலேயே தள்ளிச் சாத்தணும். எதால சாத்துவீங்க?" பின்பக்கத்தைச் சுவரை நோக்கித் தள்ளினேன். முழங்கால் லேசாக மடங்கியது, மார்பு தானாகக் கீழே இறங்கியது, சுவரில் பின்பக்கம் பட்டது. அந்த நொடியில் பின்தொடை இரண்டும் கயிறு இழுத்ததுபோல் விறைத்தன. எட்டு மாதம் காலை உதைத்தும் ஒருமுறைகூட உணராத இடம் அது.

இதுதான் இடுப்பு மடிப்பு. கீழே கிடப்பதை எடுக்கும்போது முதுகை வில்லாக வளைக்கிறோம், அல்லது முழங்காலில் உட்கார்ந்துவிடுகிறோம். உடம்பிலேயே பெரிய தசையான பிட்டத் தசை, அதோடு பின்தொடைத் தசைகள், இரண்டும் முழுதாக வேலைக்கு வருவதில்லை. ஓரடி தள்ளி நின்று சுவரைத் தொடுவது எளிதாகிவிட்டால், அரையடி முன்னால் நகர்ந்து நிற்க வேண்டும். இப்படி நாளைக்கு ஐந்து நிமிடம், வீட்டில். பத்தாவது நாள் கட்டை விலகாமல் குனிய வந்தது. டெட்லிஃப்ட்டில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்தச் சுவரில்தான்.

பிறகு 8 கிலோ கெட்டில்பெல், அதாவது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, அதே மடிப்பில் எடுத்து, நிமிர்ந்து, வைக்க வேண்டும். மூன்றாவது வாரம்தான் பார்.

போட்டிகளில் பெண்களுக்கான பார் 15 கிலோ, தடிமன் 25 மில்லிமீட்டர். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் சிறிய கைக்கு அந்த வித்தியாசம் பெரிது. உங்கள் ஜிம்மில் 15 கிலோ பார் மூலையில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இந்த பார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். பளுதூக்குதல் 1896-ல் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அந்த மேடை கிடைத்தது 2000-ல், சிட்னியில். நூறு வருடத்துக்கு மேல். எனக்கு இரண்டு கிலோ டம்பெல்லைக் கொடுத்த மனிதர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் கேட்டு வளர்ந்ததை அப்படியே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பாரின் உயரம் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: பாரின் முனைகளில் மாட்டும் வட்ட எடைகளைத்தான் பிளேட் என்கிறோம், பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். புதிதாகத் தொடங்கும் பெண்கள் 5 கிலோ இரும்பு பிளேட்டை மாட்டுவார்கள், அது சின்னது. பார் தரையோடு தரையாகப் போய்விடும். அவ்வளவு கீழே போய் முதுகை நேராக வைத்து எடுப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். எடை குறைவாக இருப்பதாலேயே பயிற்சி கடினமாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் கட்டையோ, படுக்க வைத்த பிளேட்டுகளோ அடுக்கி பாரை உயர்த்திக்கொள்ளுங்கள். கணைக்காலின் நடுப்பகுதி உயரத்துக்கு வந்தால் சரி. நான் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் எடுத்தேன்.

தூக்கும் முறையை என் பழக்கத்தில் இருப்பதுபோலவே சொல்கிறேன். பாரின் நிழல் பாதத்தின் நடுவில் விழும்படி நிற்பேன், கணைக்கால் எலும்புக்கும் பாருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. பாதம் இடுப்பளவு அகலம். பின்பக்கத்தைத் தள்ளிக் குனிந்து, காலுக்குச் சற்று வெளியே பாரைப் பிடிப்பேன். பிடித்தபின் பாரை நகர்த்தக் கூடாது. முழங்காலை முன்னால் கொண்டுவந்து கணைக்கால் பாரைத் தொடும்வரை இறங்குவேன். அக்குளில் ஒரு காகிதத்தை இடுக்கியிருப்பதாக நினைத்துக் கையை உடம்போடு இறுக்குவேன். வயிற்றுக்குள் மூச்சை நிரப்பி, யாரோ குத்த வருவதுபோல் வயிற்றைச் சுற்றிலும் இறுக்கம் கொடுப்பேன்.

இங்கே ஒரு சத்தம் உண்டு. பாரை இன்னும் தூக்கவில்லை, மெல்ல மேல்நோக்கி இழுக்கிறோம். பாருக்கும் பிளேட்டின் துளைக்கும் நடுவே இருக்கும் அந்த மயிரிழை இடைவெளி மூடி, 'க்ளிக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை தூக்கக் கூடாது என்பது கோச் எனக்குச் சொன்ன விதி. வெடுக்கென்று பிடுங்கினால் முதல் அதிர்ச்சி முதுகுக்குப் போகிறது. க்ளிக் கேட்டபின், தூக்கவேண்டும் என்று நினைக்காமல், பாதத்தால் தரையைக் கீழே தள்ளுவதாக நினைக்க வேண்டும். பார் காலை உரசிக்கொண்டே மேலே வரும். முழங்காலைத் தாண்டியதும் இடுப்பை முன்னால் கொண்டுவந்து நிமிர்ந்தால் முடிந்தது. உச்சியில் பின்னால் சாயத் தேவையில்லை.

ஷூ மெத்தென்று இருக்கக் கூடாது. ஓடுவதற்கான ஷூவில் பளு தூக்குவது மெத்தைமேல் நின்று தூக்குவது மாதிரி. தட்டையான அடிப்பாகம் உள்ளது போதும். எங்கள் ஜிம்மில் சாக்ஸோடு தூக்க விடுகிறார்கள்.

ஸ்குவாட் எனக்கு டெட்லிஃப்ட்டைவிட மெதுவாகத்தான் வந்தது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு கெட்டில்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்துக் குந்துவது. முன்னால் எடை இருப்பதால் உடம்பு தானாக நிமிர்ந்து நிற்கும், பின்னால் விழும் பயம் போய்விடும். 16 கிலோவில் பத்து முறை சுத்தமாக வந்தபின் தோளில் பார் ஏறியது. என் குதிகால் தரையைவிட்டு எழும்பும். கணுக்கால் விறைப்பு. குதிகாலுக்கு அடியில் இரண்டு மெல்லிய பிளேட் வைத்துச் செய்தேன், ஐந்தாறு மாதத்தில் அது தேவைப்படவில்லை. எழும்போது முழங்கால் இரண்டும் உள்ளே சாயும். பெண்களிடம் இது அதிகம் பார்க்கிறேன். பாதத்தை நகர்த்தாமல் தரையை வெளிப்பக்கமாகத் திருகுவதுபோல் அழுத்தினால் முழங்கால் விரல்களின் திசையிலேயே போகும். அப்படியும் சாய்ந்தால் எடை அதிகம் என்று அர்த்தம்.

முழங்கால், கால்விரலைத் தாண்டக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை எல்லோர் வாயிலும் இருக்கிறது. நானும் அதைக் கேட்டுப் பின்னால் பின்னால் தள்ளி உட்கார்ந்து, நெஞ்சு தொடையில் இடிக்கக் கவிழ்ந்துகொண்டிருந்தேன். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், எடைப் பயிற்சி பழகிய ஆண்களை முன்னால் ஒரு பலகை வைத்து முழங்கால் விரலைத் தாண்டாதபடி தடுத்து ஸ்குவாட் செய்ய வைத்தார்கள். முழங்காலில் விழும் திருப்புவிசை ஓரளவு குறைந்தது, இடுப்பு மூட்டில் விழுந்தது பத்து மடங்குக்கு மேல் கூடியது. முழங்காலைக் காப்பாற்றப்போய்ப் பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இடம் மாறுகிறது. தொடை நீளமான என்னைப் போன்றவர்களுக்கு முழங்கால் முன்னால் போகத்தான் செய்யும். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, வலி இல்லாமல் எவ்வளவு ஆழம் போக முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கில் இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பி இருக்கும். அதை உங்கள் ஸ்குவாட்டின் அடி ஆழத்துக்கு ஒரு விரல் கீழே வைத்துக்கொள்ளாமல் ஒருநாளும் தொடங்காதீர்கள். நான்காவது மாதம் 42.5 கிலோவில் நான்காவது ரெப்பில் (ஒருமுறை குந்தி எழுவது ஒரு ரெப்) அடியில் மாட்டிக்கொண்டேன். மேலே போகவில்லை. கோச் தூக்கிவிட ஓடி வரவில்லை. "இறக்குங்க அக்கா, கம்பி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். இன்னும் இரண்டு அங்குலம் இறங்கினேன், பார் டமாலென்று கம்பியில் உட்கார்ந்தது, நான் கீழேயிருந்து நகர்ந்து வெளியே வந்தேன். ஜிம்மே திரும்பிப் பார்த்தது. கை நடுங்கியது. அவள் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "இனிமே உங்களுக்கு ஸ்குவாட்ல பயம் வராது பாருங்க" என்றாள். உண்மையிலேயே வரவில்லை. தோற்றால் என்ன ஆகும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இதை வேண்டுமென்றே லேசான எடையில் ஒருமுறை செய்து பழகிக்கொள்வது நல்லது என்று இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பயிற்சி அட்டவணை பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம். முதல் நாள் ஸ்குவாட் கனமாக, பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட் லேசாக. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியாவின் நிக்கு விளாத் செய்துகாட்டியதால் வந்த பெயர் அது. பாரைத் தரையில் வைக்காமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி ஏற்றுவது, பின்தொடைக்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. இரண்டாம் நாள் டெட்லிஃப்ட் கனமாக, பிறகு ஒற்றைக்கால் பயிற்சி ஏதாவது ஒன்று. இரண்டு நாளும் முதுகுக்கும் தோளுக்கும் ஒவ்வொன்று. கனமான பயிற்சியில் தொடர்ந்து ஐந்து ரெப் செய்வது ஒரு செட், அப்படி மூன்று செட். செட்டுக்கு நடுவே இரண்டரை மூன்று நிமிடம் ஓய்வு. வியர்க்கவில்லையே என்று அந்த ஓய்வைக் குறைத்துவிடாதீர்கள், அடுத்த செட்டுக்குப் பலம் சேர்வது அப்போதுதான். ஒவ்வொரு செட்டும் முடியும்போது இன்னும் இரண்டு ரெப் கையிருப்பில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுவேன், இல்லாவிட்டால் அதே எடைதான்.

முதல் இரண்டு மாதத்தில் நான் தூக்கும் எடை மளமளவென்று ஏறியது. கண்ணாடியில் ஒன்றும் மாறவில்லை. தசை வளர்வதற்கு முன்பே, இருக்கும் தசையைச் சேர்த்து இயக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன என்பதால் இப்படி நடக்கிறது. பல பெண்கள் இந்தக் கட்டத்தில்தான் 'ஒன்றும் தெரியவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கும். எனக்குக் கண்ணில் தெரிந்தது நான்காவது மாதம், பழைய ஜீன்ஸின் இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தபோது. சாப்பாட்டில் செய்த ஒரே மாற்றம், ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கிறதா என்று பார்த்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை நாளொன்றுக்குப் புரதம் எடுப்பது தசை வளரப் பயன்படுகிறது. எனக்கு அது நூறு கிராம் அளவில் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

இனி என் தவறு. ஐந்தாவது மாதம் டெட்லிஃப்ட் 60 கிலோவில் ஐந்து ரெப் வந்தது. கோச் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், உடம்பின் எடையைத் தாண்டி 70 தூக்கிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. முந்தின இரவு நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். முதல் முயற்சியில் பார் நகரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் முறை, க்ளிக்குக்குக் காத்திருக்காமல் வெடுக்கென்று இழுத்தேன். பார் எழும்பியது, அதோடு என் கீழ்முதுகும் வளைந்தது, இடப்பக்கம் சுரீரென்றது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிய முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுத் தசைப் பிடிப்புதான் என்றார். காலுக்கு வலி இறங்குகிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் மலம் அடக்குவதில் மாற்றம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றும் இல்லை. இருந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருப்பார், நீங்களும் அதை நினைவில் வையுங்கள். படுத்துக் கிடக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நடக்கச் சொன்னார், பத்தாம் நாள் துடைப்பக் கட்டையை மறுபடி எடுக்கச் சொன்னார். 8 கிலோ கெட்டில்பெல்லிலிருந்து தொடங்கி 60-க்குத் திரும்ப ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில்தான் என் டெட்லிஃப்ட் அழகானது. அதிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி செட்டைப் பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பார்க்கிறேன். நேராக இருக்கிறது என்று உடம்பு சொல்லும், வீடியோ வேறு சொல்லும்.

இன்னொரு விஷயம், பேசவே கூச்சப்படுகிற விஷயம். 65 கிலோவைத் தாண்டியபோது, தூக்கும் நொடியில் சில சொட்டு சிறுநீர் கசிய ஆரம்பித்தது. இரண்டு பிரசவம் ஆனவள் நான். கறுப்பு நிற பேண்ட் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் கோச்சிடம் சொன்னபோது அவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "எனக்கும் இருந்துச்சு அக்கா. சரி பண்ணலாம்" என்றாள். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். ஒருவரிடம் போனேன். நான் மூச்சைப் பிடித்து வயிற்றைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று அவர்தான் கண்டுபிடித்தார். தூக்குவதற்குச் சற்று முன் இடுப்புத்தளத்தை மேல்நோக்கி இழுத்து, எழும்போது மூச்சை மெல்ல விடப் பழக்கினார். எடையை 50-க்கு இறக்கினேன். மூன்று மாதத்தில் கசிவு நின்றது. அம்மாவும் அந்தச் சமயம் கேட்டார், "ஏன்டி, இவ்வளவு கனம் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்னு சொல்வாங்களே?" பிசியோவிடம் அதையும் கேட்டேன். கீழே கனமாக இறங்குவதுபோலவோ ஏதோ பிதுங்குவதுபோலவோ உணர்ந்தால் அன்றே நிறுத்திவிட்டு வந்து காட்ட வேண்டும், அப்படி எதுவும் இல்லாமல் சரியான மூச்சோடு படிப்படியாகக் கூட்டுகிறவர் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை என்றார். கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைப் பார்த்தபின்தான் தொடங்க வேண்டும். மூச்சைப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

மாதவிடாய் நாட்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என் நோட்டில் பார்த்தால் முதல் நாள் மட்டும் பத்து சதவீதம் குறைத்திருக்கிறேன். இரண்டு முறை மூன்றாம் நாளில் என் அதுவரையிலான அதிகபட்ச எடையைத் தூக்கியிருக்கிறேன். உங்கள் உடம்பு வேறாக இருக்கலாம், எழுதி வையுங்கள்.

ஆம், நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, எடை, செட், ரெப், எப்படித் தூங்கினேன் என்று ஒரு சொல். எடை பார்க்கும் மெஷினைப் பரணில் வைத்துவிட்டேன். காலையில் அதில் ஏறி இறங்கி ஒருநாள் முழுக்க முகம் வாடியிருந்த வருடங்கள் எனக்கு உண்டு. இந்த நோட்டில் எண் கூடினால் நல்லது, உடம்பு சார்ந்து ஓர் எண் கூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது எனக்கு அதுவே முதல் முறை. இப்போது டெட்லிஃப்ட் 80 கிலோ ஐந்து ரெப், ஒரே ஒருமுறை 95. ஸ்குவாட் 62.5 கிலோ, ஐந்து ரெப்.

அம்மாவை ஜிம்முக்கு அழைத்தபோது, இந்த வயதிலா என்றார். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள், எல்லோரும் 58 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்குமேல் பளு தூக்குதல், குதித்து இறங்குதல். முதல் மாதம் லேசாகப் பழக்கிவிட்டு, பிறகு ஐந்து ரெப்பாக ஐந்து செட், கனமாகவே. பக்கத்தில் பயிற்சியாளர் எப்போதும் உண்டு. அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 2018-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்தது. அம்மா எண்களைக் கேட்கவில்லை. "58-க்கு மேலயா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் இன்னும் ஜிம்முக்கு வரவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதில் தொடங்கினோம். முதலில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, மூன்று முறை. பிறகு ஒரு தலையணை. பிறகு ஒன்றுமில்லாமல். இப்போது சுவர்ப் பயிற்சியும் செய்கிறார், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியை இரண்டு பாதத்துக்கு நடுவில் வைத்து இடுப்பை மடித்துத் தூக்குகிறார். போன மாதம் என் நோட்டைத் தேடினேன், காணவில்லை. சமையலறை மேசையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் தேதி போட்டு எழுதியிருந்தார்: நாற்காலி 8, 8, 7. வாளி 10, 10. தரையிலேர்ந்து 1.